தேவாலா தங்க ஆலைகளுக்கு நடக்குமுன்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நீலகிரி மாவட்டத்தில் பந்தலூரை அடுத்த தேவாலாவின் பழைய தங்கச் சுரங்கங்களை ஒரே நாளில் நடந்து பார்த்து வரலாம் என்று தங்கள் சுற்றுலாப் பகுதியில் வந்த குறிப்பைப் படித்தேன். தோட்டத்தாரிடம் அனுமதி பெற்று, அங்கேயே பிறந்து வளர்ந்த தொழிலாளர் ஒருவரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு அண்மையில் அவ்வழியே சென்று வந்தவன் என்பதால், அதில் விடுபட்டதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

தேயிலைச் சரிவைக் கடந்து ஓடையோரம் இறங்கினால், பாசி படிந்த கருங்கல் சுவரும் அதன் காலடியில் மண்ணில் பாதி புதைந்த வார்ப்பிரும்புத் துண்டுகளும் தென்படுகின்றன. பாறையிலிருந்து வெட்டியெடுத்த வெள்ளைக்கல்லை இரும்பு உலக்கைகளால் இடித்துத் தூளாக்கி, பாதரசம் பூசிய செப்புத் தகடுகளின் மேல் நீரோடு ஓடவிட்டுத் தங்கத்தைப் பிடித்த ஆலைகளின் மிச்சம் இவை. ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த சுரங்க வல்லுநர் பிரோ ஸ்மித் இப்பகுதித் தங்கத்தைப் பற்றி 1880-இல் அளித்த அறிக்கையை நம்பி லண்டனில் முப்பதுக்கும் மேற்பட்ட நிறுவனங்கள் பங்கு திரட்டின. இயந்திரங்கள் கப்பலேறி வந்து மலையேறின. இடித்த கல்லில் கண்ட தங்கமோ செலவுக்குக்கூடக் கட்டவில்லை. சில ஆண்டுகளிலேயே எல்லாம் ஓய்ந்தது. (இங்குள்ள பழங்குடிகளான குறும்பர்களும் பணியர்களும் அதற்கு வெகுகாலம் முன்பே ஆற்று மணலை அலசிப் பொன் எடுத்து வந்தவர்கள்; குறிப்பில் அவர்களைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.)

ஆலைச் சுவருக்குச் சற்று மேலே உண்ணிச்செடிப் புதருக்குள் நான் காலெடுத்து வைத்தபோது, துணைக்கு வந்தவர் சட்டையைப் பிடித்துப் பின்னுக்கு இழுத்தார். எதிரே வேலியோ எச்சரிக்கைப் பலகையோ இல்லாத செங்குத்துக் குழி. அவர் போட்ட கல் நீரில் விழும் ஓசை கேட்கச் சற்று நேரமாயிற்று. இத்தகைய குழிகளில் திருட்டுத்தனமாகத் தங்கம் தோண்ட இறங்கி மூச்சுத்திணறி இறந்தவர்களைப் பற்றிய செய்திகள் நாளிதழ்களில் வந்தவைதாம். யானை நடமாட்டமும் உண்டு.

ஆகவே, குழிகளுக்கு வேலியிட்டு, பழைய இரும்புக்கு விலைபோகாமல் எஞ்சியுள்ள ஆலைப் பாகங்களைப் பதிவு செய்து, உள்ளூர் வழிகாட்டிகளுடன் மட்டுமே செல்லும் ஏற்பாட்டை அரசு செய்யவேண்டும். அதுவரை, தனியே செல்லவேண்டாம் என்ற ஒரு வரியையாவது தங்கள் குறிப்போடு சேர்த்து மறுபடி வெளியிடக் கோருகிறேன்.

தங்கள் வாசகர்,
கூடலூர்.