கறுப்புத் திரையை முதலாண்டிலேயே பழக்குங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நான் சர்வர் பராமரிப்பு வேலையில் இருப்பவன். ஞாயிற்றுக்கிழமைகளில் கொருக்குப்பேட்டை, வியாசர்பாடிப் பிள்ளைகள் சிலருக்குக் கணினி சொல்லிக்கொடுக்கிறேன். பொறியியல் கடைசி ஆண்டுக்கு வந்தவர்கள்கூட, கமாண்டுகளை எழுத்தில் அடித்துக் கணினியை இயக்கும் கறுப்புத் திரையான டெர்மினலைத் திறந்தால் கை வைக்கத் தயங்குகிறார்கள். "எல்லாத்துக்கும்தான் மவுஸ் இருக்கே, இது எதுக்குண்ணா?" என்கிறார்கள். கேட்க வேண்டிய கேள்விதான்.

பதிலுக்கு ஒரு வெப் சர்வரின் லாக் கோப்பை, அதாவது யார் எந்தப் பக்கம் கேட்டார்கள் என்று வரிவரியாகப் பதிவாகும் கோப்பைக் கொடுத்து, எந்தப் பக்கத்தைத் தேடி வந்தவர்களுக்கு 404 (பக்கம் இல்லை) பிழை அதிகம் வந்திருக்கிறது என்று பார்க்கச் சொன்னேன். எக்செலில் திறந்தார்கள். ஒரு தாளில் 10,48,576 வரிகளுக்கு மேல் கொள்ளாது; கோப்பு அதைவிடப் பெரியது. மெஷின் திணறி நின்றுவிட்டது. அப்புறம் டெர்மினலில் நான்கு கமாண்டுகளைக் கோத்து ஒரே ஒரு வரி அடித்தோம். கிரெப், 404 உள்ள வரிகளைப் பொறுக்கியது. ஆக், அவற்றில் பக்க முகவரியை மட்டும் எடுத்தது. சார்ட், ஒரே முகவரிகளை அடுத்தடுத்து நிறுத்தியது. யூனிக், எண்ணிக்கை சொன்னது. ஒவ்வொன்றுக்கும் நடுவில், ஒன்று தருவதை அடுத்ததிடம் சேர்க்கும் பைப் எனும் செங்குத்துக் கோடு. டக் மெக்கில்ராய் வலியுறுத்தி, கென் தாம்ஸன் 1973-ல் யூனிக்ஸ் எனும் ஆப்பரேட்டிங் சிஸ்டத்தில் சேர்த்த வசதி அது. இன்றைக்கும் எங்கள் பிழைப்பு அதில்தான் ஓடுகிறது.

அந்த ஒரு வரியைக் கோப்பில் சேமித்தால் ஸ்கிரிப்ட். குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் கிரானில் போட்டால் தினமும் விடியற்காலையில் தானே ஓடும். கூட வேலை செய்பவருக்கு அப்படியே அனுப்பலாம். 'இங்கே கிளிக், அங்கே கிளிக்' என்று சொல்லிக்கொடுத்தால், அடுத்த வெர்ஷனில் பட்டன் இடம் மாறியதும் போச்சு.

இன்னொன்று, எங்கள் சர்வர்கள் எங்கோ ஒரு டேட்டா சென்டரில் திரையில்லாமல் ஓடுபவை. தூரத்து மெஷினோடு பாதுகாப்பாக இணைக்கும் எஸ்எஸ்ஹெச் வழியாக வெறும் எழுத்துகள்தான் போய் வரும். மழையில் பிராட்பேண்ட் போய், செல்போன் சிக்னல் ஒற்றைக் கோட்டில் நின்றாலும் தண்டையார்பேட்டை வீட்டிலிருந்தே வேலையை முடித்துவிடலாம்.

படம் வரையவும் பக்கம் வடிவமைக்கவும் மவுஸ்தான் சரி. அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. டெர்மினலில் ஆபத்தும் உண்டு. ஆர்எம் எனும் அழிக்கும் கமாண்டை அடித்து அழித்த கோப்பு குப்பைத் தொட்டிக்குப் போகாது, ஒரேயடியாகப் போய்விடும். அதனால்தான் பக்கத்தில் ஒருவர் இருந்து பழக்க வேண்டும் என்கிறேன்.

கல்லூரிகளில் ஆப்பரேட்டிங் சிஸ்டம் லேபில் யூனிக்ஸ் கமாண்டுகள் இருக்கத்தான் செய்கின்றன. ஆனால் நான் பார்த்த பிள்ளைகளுக்கு அது ரெக்கார்டு நோட்டில் கையெழுத்து வாங்குவதோடு முடிந்துவிடுகிறது. தமிழக அரசு 2011-ல் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸோடு, டெர்மினல் உள்ள இலவச ஆப்பரேட்டிங் சிஸ்டமான பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தது. எனக்குத் தெரிந்து அதைத் திறந்து பார்த்த வீடுகள் அரிது. காசு கொடுத்துக் கோர்ஸ் சேர முடியாத பிள்ளைக்கு, பழைய மெஷினிலும் பாரமில்லாமல் ஓடும் டெர்மினலைப் போல வேறென்ன கிடைக்கும்?

முதலாண்டு சி புரோகிராமிங் பாடத்தையே டெர்மினலில் ஜிசிசி எனும் கம்பைலர் கொண்டு நடத்தலாம். இலவச மென்பொருள்; லேபுக்குப் புது மெஷின் வாங்க வேண்டியதில்லை. கல்லூரி முதல்வர்கள் வரும் கல்வியாண்டிலேயே இதைத் தொடங்க வேண்டும். உங்கள் கல்விப் பக்கத்திலும் வாரம் ஒரு கமாண்டுக்குச் சின்ன இடம் ஒதுக்குங்கள். எழுதித்தர நான் தயார்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
தண்டையார்பேட்டை, சென்னை - 81