கேட்டால் விதை தரும் லேப்

இதாகா, அமெரிக்கா,
ஆகஸ்ட் கடைசி வாரம்

அன்புள்ள சுமதி,

உன் கடிதத்துக்குப் பதில் எழுத இவ்வளவு நாளாகிவிட்டது. ஜூலை பாதியிலிருந்து எங்களுக்கு மக்காச்சோளத்தில் மகரந்தச் சேர்க்கைக் காலம். காலையில் வயல், பிற்பகலில் மறுநாளுக்கான பைகளை எடுத்து வைப்பது, இரவில் பதிவேடு என்று நாள் ஓடிவிடும். நேற்றுதான் கடைசி வரிசை முடிந்தது. அப்பாவுக்குக் கண் அறுவை நல்லபடியாக முடிந்ததைப் படித்ததும் நிம்மதியாக இருந்தது. மறுபடியும் பேப்பரைச் சத்தமாகப் படிக்க ஆரம்பித்துவிட்டாராமே, அது போதும். சின்னவள் பிளஸ் டூவில் உயிரியல் எடுத்திருப்பதில் உன்னைவிட எனக்குத்தான் சந்தோஷம் என்று அவளிடம் சொல்.

உன் மாணவி விஷயத்துக்கு வருகிறேன். கட்டுரைகளின் எண்ணிக்கை, கருவிகள், நிதி எல்லாம் பார்த்துவிட்டாள், பி.எச்டி. சேர்வதற்கு முன் ஒரு லேபில் வேறு என்னதான் பார்ப்பது என்று கேட்டிருந்தாய். யார் யாருக்கு எதைக் கொடுக்கிறார்கள் என்று பார்க்கச் சொல். விதை, கைப்பழக்கம், இன்னும் அச்சேறாத முடிவுகள், இந்த மூன்றும் அங்கே கைமாறுகின்றனவா என்பதுதான் என் கண்ணுக்கு முதலில் படும்.

எங்கள் வேலை எப்படி நடக்கிறது என்று சொன்னால் உனக்குப் புரியும். மக்காச்சோளத்தில் ஆண் பூ உச்சியில் இருக்கும், கதிர் இடுப்பில் இருக்கும். கதிரிலிருந்து பட்டு இழை வெளியே தெரிவதற்கு முன்பே அதற்கு ஒரு சின்னக் காகிதப் பை மாட்டிவிட வேண்டும். ஒரு நாள் பிந்தினாலும் காற்றில் வந்த ஏதோ ஒரு மகரந்தம் விழுந்துவிடும், அந்தக் கதிர் கணக்கில் சேராது. முதல் நாளே கதிரின் நுனியைக் கத்தியால் அரிந்துவிட்டால், மறுநாள் காலை இழைகள் எல்லாம் ஒரே உயரத்தில் தூரிகை மாதிரி வளர்ந்து நிற்கும். அன்றே ஆண் பூவுக்கும் ஒரு பழுப்புப் பை போட்டு வைப்போம். காலையில் பனி காய்ந்ததும் தண்டை வளைத்துப் பையைத் தட்டினால் உள்ளே மஞ்சள் பொடி சேரும். கதிரின் பையை எடுத்து, பொடியைக் கொட்டி, அந்தப் பெரிய பையாலேயே கதிரை மூடித் தண்டோடு சேர்த்து ஸ்டேப்பிள் அடிக்க வேண்டும். எல்லாம் ஒரே மூச்சில் நடக்க வேண்டிய வேலை. பையின் மேல் தாய்ச்செடியின் எண், தகப்பன் செடியின் எண், தேதி. அந்த எழுத்து அழிந்தால் ஒரு வருஷ உழைப்பு போய்விடும்.

இதை யாரும் புத்தகத்திலிருந்து கற்றுக்கொண்டதில்லை. போன வருஷம் வந்த மாணவி இந்த வருஷம் வந்தவனுக்குக் காட்டிக்கொடுப்பாள். எங்கள் பேராசிரியரும் தொப்பி, முழுக்கைச் சட்டையோடு வரிசையில் நிற்பார். சோள இலையின் ஓரம் கையைக் கீறும், வியர்வை பட்டால் எரியும். அதில் அவருக்கும் விலக்கு இல்லை. செடி ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்துவிடுவதால் பக்கத்து வரிசையில் இருப்பவரின் முகம் தெரியாது, குரல் மட்டும் கேட்கும். அதனால்தானோ என்னவோ, லேப் மீட்டிங்கில் வாய் திறக்காத முதல் வருஷப் பையன்கூட வரிசைக்குள் நின்றபடி, தன் சோதனை இரண்டு மாதமாக வரவில்லை என்று பேராசிரியரிடம் சொல்லிவிடுகிறான். அவர் தன் வரிசையிலிருந்தே, டிஎன்ஏ எடுத்த இலை எவ்வளவு முற்றியது என்று கேட்கிறார். இளம் இலையை எடுத்துப் பார் என்று மூன்றாவது வரிசையிலிருந்து இன்னொரு குரல் வருகிறது. இங்கே பேராசிரியரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். 'சார்' என்று பழகிய நாக்குக்கு அது கொஞ்சம் சிரமமாகத்தான் இருந்தது. ஆனால் வித்தியாசம் பெயரில் இல்லை, இந்தப் பேச்சில்தான் இருக்கிறது.

பண்ணையைப் பார்த்துக்கொள்பவரைப் பற்றியும் எழுத வேண்டும். கல்லூரிப் படிப்பு இல்லாதவர். ரக்கூன் என்று இங்கே ஒரு பிராணி உண்டு. கதிர் பால் பிடிக்கும் சமயம் பார்த்து ராத்திரியில் வந்து, எங்கள் பையைக் கிழித்து, கதிரை உரித்துத் தின்றுவிட்டுப் போகும். எந்த மூலையில் எப்போது மின்கம்பி கட்ட வேண்டும் என்று அவருக்குத்தான் தெரியும். சென்ற ஆண்டு வெளியான எங்கள் கட்டுரையில் அவர் பெயரும் ஆசிரியர் பட்டியலில் இருக்கிறது. ஓரிருவர் முணுமுணுத்தார்கள். விதைப்புத் திட்டம் யாருடையது என்று பேராசிரியர் திருப்பிக் கேட்டார், பேச்சு முடிந்தது. எனக்கு இந்த லேபின் மேல் மரியாதை கூடிய நாள் அது.

பகிர்ந்துகொள்ளும் இந்தப் பழக்கம் இவர்களுக்கு எங்கிருந்து வந்தது தெரியுமா? இதே கார்னெல் பல்கலைக்கழகத்தில் 1929ல் எடுத்த ஒரு படத்தின் பிரதியை எங்கள் விதை அறைக் கதவில் ஒட்டியிருக்கிறோம். சோள வயலில் ஐந்து பேர்: இங்கே சோள மரபியல் ஆராய்ச்சியை நடத்திய பேராசிரியர் எமர்சன், அவரைச் சுற்றி பர்னாம், ரோட்ஸ், பார்பரா மெக்ளின்டாக். கீழே ஒரு நாயோடு உட்கார்ந்திருப்பவர் பீடில். அதில் இருவருக்குப் பின்னாளில் நோபல் பரிசு கிடைத்தது, பீடிலுக்கு 1958ல், மெக்ளின்டாக்குக்கு 1983ல். நான் அந்தப் படத்தில் பார்ப்பது எமர்சனைத்தான். 1928 கடைசியில் நியூயார்க்கில் ஒரு மாநாட்டுக்குப் போன இடத்தில், சோள ஆராய்ச்சிக்காரர்களைத் தன் ஹோட்டல் அறைக்கே கூப்பிட்டு உட்கார வைத்தார். சோளத்தில் சேர்ந்தே கடத்தப்படும் மரபணுக்களின் குழுக்களை ஆளுக்கொன்றாகப் பிரித்துக்கொள்வது, கண்டுபிடித்ததை அச்சேறுவதற்கு முன்பே ஒருவருக்கொருவர் எழுதி அனுப்புவது என்று பேசிக்கொண்டார்கள். அடுத்த வருஷமே கைக்குக் கை போகும் சுற்றறிக்கை தொடங்கியது. எழுதியவரின் சம்மதம் இல்லாமல் இதில் உள்ளதை எடுத்து வெளியிடக் கூடாது என்பது அதன் நிபந்தனை. அந்தச் செய்தி மடல் பல பத்தாண்டுகள் வந்தது. விதைகளுக்கான பொதுக் களஞ்சியம் இன்றும் இல்லினாய் மாநிலத்தில் இருக்கிறது. நாங்களும் அங்கே எழுதிக் கேட்டு வாங்குகிறோம்.

நல்ல மனிதர்களாக இருந்ததால் மட்டும் இப்படிச் செய்தார்கள் என்று நான் நினைக்கவில்லை. பயிரே அவர்களை அப்படி ஆக்கியது. பழ ஈயில் ஆராய்ச்சி செய்பவருக்கு இரண்டு வாரத்தில் அடுத்த தலைமுறை வந்துவிடும். சோளக்காரருக்கு இந்தக் குளிர் நாட்டில் வருஷத்துக்கு ஒரு விளைச்சல்தான். ஒருவர் தனியாக எல்லாக் கலப்புகளையும் செய்து முடிக்க ஆயுள் போதாது. பங்கு போட்டுக்கொள்ளாமல் வழியில்லை.

மெக்ளின்டாக் யாரோடும் ஒட்டாமல் தனியாக இருந்தவர் என்றுதான் நாம் வகுப்பில் கேட்டோம் இல்லையா? இங்கே வந்த பிறகு ஹேரியட் கிரெய்ட்டன் கதையைத் தெரிந்துகொண்டேன். கிரெய்ட்டன் 1929ல் புதிதாகச் சேர்ந்த மாணவி, மெக்ளின்டாக்கை விட ஏழு வயது சின்னவர். 9ஆம் குரோமோசோமின் ஒரு முனையில் கறுத்த முடிச்சும் மறுமுனையில் வேறொரு குரோமோசோமின் துண்டும் கொண்ட ஒரு சோளச் செடியை மெக்ளின்டாக் கண்டுபிடித்து வைத்திருந்தார். மரபணுக்கள் ஜோடிக் குரோமோசோம்களுக்கு இடையே இடம் மாறும்போது குரோமோசோமும் உண்மையிலேயே துண்டு மாற்றிக்கொள்கிறதா என்று கண்ணால் பார்க்க அதைவிடத் தோதான செடி கிடையாது. அந்த விதையையும் அந்தக் கேள்வியையும் புதிதாக வந்த பெண்ணிடம் கொடுத்துவிட்டார். 1931ல் கட்டுரை வந்தது, முதல் பெயர் கிரெய்ட்டனுடையது. இன்னும் ஒரு பருவம் விளைவித்துப் பார்த்துவிட்டு எழுதலாம் என்றுதான் இருவரும் இருந்தார்கள். இதாகாவுக்கு வந்திருந்த, பழ ஈ மரபியலில் பெயர்பெற்ற மார்கன் உடனே எழுதி அனுப்பச் சொன்னார். பழ ஈயில் இதே கேள்வியை ஸ்டெர்ன் என்பவர் ஜெர்மனியில் துரத்திக்கொண்டிருந்தது அவருக்குத் தெரியும்.

அந்தக் குரோமோசோம்களைப் பார்க்க அவர்கள் பயன்படுத்தியது அசிட்டோகார்மைன்தான். எம்.எஸ்ஸி.யில் நீயும் நானும் ஒரே மைக்ராஸ்கோப்பைப் பகிர்ந்துகொண்டு வெங்காய வேர்நுனியை நசுக்கிப் பார்த்தோமே, அதே சாயம். நம் லேப் அட்டெண்டர் அண்ணன் அதைக் காய்ச்சிய விதம் ஞாபகம் இருக்கிறதா? சாயத்தில் துருப்பிடித்த ஊசியை விட்டுக் கிளறினால்தான் நிறம் ஏறும் என்று அவர்தான் நமக்குச் சொல்லிக்கொடுத்தார், கையேட்டில் அது இல்லை. இங்கேயும் ஒரு மாணவிக்கு நான் ஊசியால் கிளறிக் காட்டினேன், குரோமோசோம் பளிச்சென்று தெரிந்தது. யாரிடம் கற்றீர்கள் என்று கேட்டாள், அண்ணனைப் பற்றிச் சொன்னேன்.

அதே 1931ல்தான் நம் தாவரவியலாளர் ஜானகி அம்மாள் மிஷிகனில் டாக்டர் பட்டம் வாங்கினார். அப்புறம் உங்கள் கோயம்புத்தூர் கரும்பு இனப்பெருக்க நிலையத்தில், கரும்பை மக்காச்சோளத்தோடேயே கலந்து பார்த்தார். உலகெங்கும் பலர் எண்ணிய குரோமோசோம் கணக்குகளைத் திரட்டி, பயிர்ச் செடிகளுக்கான தொகுப்பை பிரிட்டிஷ் விஞ்ஞானி டார்லிங்டனோடு 1945ல் வெளியிட்டார். கடைசிவரை மதுரவாயலில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஆய்வகத்தில் வேலை பார்த்துக்கொண்டே 1984ல் காலமானார். உன் மாணவியை ஒரு நாள் கரும்பு நிலையத்துக்கு அழைத்துப் போயேன். இதெல்லாம் எங்கோ வெளிநாட்டில் நடந்த கதை என்று அவள் நினைக்காமல் இருப்பாள்.

நான் இதற்கு முன் இருந்த ஒரு லேபில் ஃப்ரீசர் பெட்டிகளுக்குப் பூட்டு இருக்கும். யார் எதில் வேலை செய்கிறார்கள் என்று பக்கத்து மேஜைக்குத் தெரியாது. ஒரே கேள்வியை இருவருக்குக் கொடுத்து, யார் முந்துகிறார்கள் என்று பார்ப்பார்கள். கட்டுரைகள் நன்றாகவே வந்தன, அதை மறுக்க மாட்டேன். ஆனால் ஒருவர் விட்டுப் போனதும் அவருடைய விதைகளில் எது எதுவென்று யாருக்கும் புரியவில்லை, கடைசியில் எல்லாவற்றையும் கொட்டினார்கள். அதைப் பார்த்த பிறகுதான் இந்த விஷயத்தில் எனக்கு இவ்வளவு பிடிவாதம் வந்தது.

இங்கே போகிறவர் தன் கடைசி மாதத்தை ஒப்படைப்புக்கே ஒதுக்க வேண்டும். நோட்டுப் புத்தகம் லேபுக்குச் சொந்தம், ஒவ்வொரு விதை உறைக்கும் பதிவேட்டில் வம்சாவளி இருக்க வேண்டும், தோற்றுப்போன சோதனைகளும் எழுதப்பட்டிருக்க வேண்டும். வெளியே இருந்து யாராவது விதை கேட்டு எழுதினால், போட்டியாளராக இருந்தாலும், கட்டுரை வந்திருந்தால் அந்த வாரமே அனுப்பிவிடுவோம்.

அதனால் உன் மாணவி நேர்காணலுக்குப் போகும்போது பேராசிரியரிடம் மட்டும் பேசிவிட்டு வரக் கூடாது. அங்கே இருக்கும் மூத்த மாணவர்களோடு தனியாகச் சாப்பிடட்டும். படிப்பு முடித்துப் போனவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள், அவர்கள் விட்டுப்போன வேலையை யார் செய்கிறார்கள், தண்ணீர் ஊற்றும் முறை தீபாவளி, கிறிஸ்துமஸ் நாட்களில் யாருக்கு வருகிறது என்று கேட்கட்டும். கடைசிக் கேள்விக்கு எப்போதும் முதல் வருஷ மாணவர்தான் என்று பதில் வந்தால் கொஞ்சம் யோசிக்கட்டும். அவளுக்குப் பிடித்த மூன்று நான்கு லேப்களின் பெயரை எனக்கு அனுப்பச் சொல். அங்கே வேலை பார்த்த சிலரை எனக்குத் தெரியும், நேரடியாக அவர்களோடு பேச வைக்கிறேன். செப்டம்பர் நடுவில் அறுவடை தொடங்கிவிடும், அதற்குள் எழுதினால் நல்லது.

அப்பாவுக்கு என் வணக்கம்.

அன்புடன்,
கவிதா