மழை தொடங்குமுன் கண்டி வீதிகளின் கான்களைத் திறந்துவிடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

கொழும்பிலிருந்து வந்தால் பேராதனை, யாழ்ப்பாணத்திலிருந்து வந்தால் கட்டுகஸ்தோட்டை, மஹியங்கனையிலிருந்து வந்தால் தென்னக்கும்புர. இந்தப் பெருந்தெருக்களில் மகாவலிப் பாலம் ஒன்றைத் தாண்டாமல் கண்டிக்குள் வர முடியாது. பாலத்துக்கு முன்னும் பின்னும் மலைதான். இந்த வீதிகளில் ஒரு வாகனம் பள்ளத்தில் விழுந்தால் ‘அதிவேகம், சாரதியின் கவனயீனம்’ என்று பேச்சு முடிந்துவிடுகிறது. வீதியின் விளிம்பு எதன்மேல் நிற்கிறது என்று குனிந்து பார்ப்பவர் குறைவு.

மலைச் சரிவை வெட்டி, அந்த மண்ணைப் பள்ளப் பக்கம் கொட்டி நிரப்பித்தான் மலைவீதிகளில் பெரும்பகுதி அமைந்திருக்கிறது. உட்பாதி கெட்டித் தரையில் இருக்கும், வெளிப்பாதி நிரப்பிய மண்ணில் இருக்கும். மலையடியில் ஓடும் கான் (வடிகால்) மழைநீரை, வீதிக்கு அடியால் நீரைக் கடத்தும் மதகுக்குக் கொண்டுபோக வேண்டும். அந்தக் கானைச் சருகும் பிளாஸ்டிக் போத்தலும் சரிந்த மண்ணும் அடைத்துக்கொள்கின்றன. சில இடங்களில் வாகனம் நிறுத்துவதற்காகக் கடைக்காரரே கொங்கிரீட் போட்டு மூடிவிடுகிறார்கள். போக்கிடமில்லாத நீர் தாரின் மேலாகக் குறுக்கே ஓடி வெளி விளிம்பில் விழுந்து, நிரப்பிய மண்ணைக் கீழிருந்து அரித்தெடுக்கிறது. மேலே தார் அப்படியே இருக்கும், அடியில் ஒன்றுமிருக்காது. கார் போனால் தாங்கும். எதிரே வரும் வாகனத்துக்கு வழிவிட ஒதுங்கும் பஸ்ஸோ, பாரமேற்றிய லொறியோ போனால் உடையும்.

இதற்கு முன்கூட்டியே அடையாளங்கள் உண்டு. விளிம்புக்குச் சமாந்தரமாகவோ பிறை வடிவிலோ தாரில் வெடிப்பு விழும். தடுப்பு வேலியின் கம்பங்கள் பள்ளத்தை நோக்கிச் சாயும். தாங்குசுவரில் உள்ள நீர்த்துளைகளை மழை விட்டதும் பாருங்கள்: தெளிந்த நீர் சொட்டினால் நல்லது. கன மழைக்குப் பிறகும் உலர்ந்திருந்தால் துளை அடைபட்டு, சுவருக்குப் பின்னால் நீர் தேங்கி அழுத்துகிறது என்று சந்தேகிக்க வேண்டும். கலங்கல் நீர் வந்தால் உள்ளே மண் கரைந்துகொண்டிருக்கிறது. வெடிப்பின்மேல் தார் ஊற்றி மூடுவதால் அடையாளம் மறையுமே தவிர அரிப்பு நிற்காது.

இறம்பொடை கெரண்டியெல்லயில் 2025 மே 11ஆம் திகதி பஸ் பள்ளத்தில் விழுந்து 20க்கும் மேற்பட்டோர் இறந்த பிறகு தடுப்பு வேலி பற்றி நிறையப் பேசினோம். வேலி வேண்டும்தான். ஆனால் கம்பத்துக்குப் பின்னால் உறுதியான மண் இல்லாவிட்டால் வேலி வண்டியோடு சேர்ந்தே போய்விடும். அதே ஆண்டு நவம்பர் இறுதியில் டித்வா புயல் மழையில் கண்டி மாவட்டம் பட்ட பாட்டுக்குப் பிறகும், கானில் இறங்கி மண்ணள்ளும் வேலையைச் சில்லறை வேலையாக நினைப்பது பெரும் தவறு.

எனவே வீதி அபிவிருத்தி அதிகார சபையிடம் கேட்பது இதுதான்: ஒவ்வோர் ஆண்டும் செப்டெம்பர் முடிவதற்குள் பேராதனை–கம்பளை–இறம்பொடை வீதியிலும், கடுகண்ணாவை ஏற்றத்திலும், மஹியங்கனை வீதியின் பதினெட்டு வளைவுகளிலும் கான்களைத் துப்புரவாக்குங்கள். மதகுகளை இரு முனையிலும் பாருங்கள். நீர் வெளியே விழும் முனையில் கல் பதிக்காவிட்டால் அந்த இடமே குழியாகி வீதியைப் பின்னோக்கித் தின்னும்.

சாரதிகளுக்கும் வேலை இருக்கிறது. எந்தக் கியரில் ஏற வேண்டியிருக்குமோ அதே கியரில் இறங்குங்கள். இறக்கம் தொடங்குமுன்பே கியரைக் குறைத்துவிடுங்கள். பிரேக்கில் கால் வைத்தபடியே இறங்கினால் லைனிங் சூடேறிப் பிடிமானம் இழக்கும், பிரேக் எண்ணெய் கொதித்தால் பெடல் தரைவரை போய்விடும். காற்று பிரேக் உள்ள வண்டியில் அடிக்கடி மிதித்தால் அழுத்தமானி முள் விழும். எக்ஸோஸ்ட் பிரேக் (எஞ்ஜின் புகையை அடக்கி வேகத்தைக் குறைப்பது) இருந்தால் அதைப் பாவியுங்கள். ஹைபிரிட் காரின் கியரில் ‘B’ நிலை (நிறுத்தும் ‘P’ அல்ல) இதற்காகத்தான் இருக்கிறது. சமவெளியிலிருந்து வருவோர் பலர் அதைத் தொடுவதே இல்லை. எரிந்த வாடை வந்தால் மலைப் பக்கமாக நிறுத்தி, சில்லுக்குக் கட்டை வைத்து ஆறவிடுங்கள். சூடான சில்லில் தண்ணீர் ஊற்றாதீர்கள், பிரேக் ட்ரம்மில் வெடிப்பு விழக்கூடும்.

மகாவலி பெருகி வீதியில் ஏறும்போது ஒரு அடி ஓடும் நீரே சிறிய காரை இழுத்துச் செல்லப் போதும். கலங்கலுக்குள் விளிம்பும் தெரியாது. ஆழம் தெரியாவிட்டால் திரும்பிவிடுவதே சரி.

24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் மழையைத் தாண்டினாலே மண்சரிவு பற்றி விழிப்பாக இருக்கும்படி தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் சொல்கிறது. அப்படிப்பட்ட இரவில் மண்வெட்டுச் சரிவின் கீழ் வண்டியை நிறுத்தித் தேநீர் குடிக்க வேண்டாம். மரம் சாய்ந்திருந்தாலோ, வழக்கமாக நீர் வராத இடத்தில் சேற்றுநீர் பீறிட்டாலோ, அருகிலுள்ள கிலோமீற்றர் கல்லின் இலக்கத்தைக் குறித்துக்கொண்டு, பாதுகாப்பான இடத்துக்குப் போய் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 இலக்கத்துக்கு அறிவியுங்கள்.

கனரக வாகனச் சாரதிகள் சிலர்,
கம்பளை.