கிணற்றடியில் ஒரு புவியியல் பாடம்: அதிபர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் ஒரு திறந்த மடல்

யாழ்ப்பாணத்துப் பாடசாலைகளின் அதிபர்களுக்கும் புவியியல் ஆசிரியர்களுக்கும் வணக்கம்.

பௌதீகப் புவியியல் என்றால் என்ன என்று உயர்தர மாணவர்களைக் கேட்டால் கற்கோளம், வளிமண்டலம், நீர்க்கோளம், உயிர்க்கோளம் என்று ஒரே மூச்சில் ஒப்புவிப்பார்கள். சரிதான். ஆனால் அந்த நாலும் ஒன்றையொன்று எப்படி மாற்றுகின்றன என்பதல்லவா பாடம்? அதைக் காட்ட எங்கள் நிலத்தைவிட நல்ல இடம் எது?

வலிகாமத்தில் ஒரு தோட்டக் கிணற்றை எட்டிப் பாருங்கள். மேலே செம்பாட்டு மண், கீழே வெட்டிய தடம் தெரியும் சுண்ணக்கல். பல மில்லியன் ஆண்டுகளுக்கு முந்திய மயோசீன் காலக் கடலில் படிந்த கல் அது. மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள காபனீரொட்சைட்டோடு சேர்ந்து மென்னமிலமாகி, வெடிப்புகளுக்குள்ளால் இறங்கி அந்தக் கல்லைக் கரைக்கிறது. கரைந்த குகையின் கூரை இடிந்து விழுந்தால் நிலாவரை மாதிரி ஒரு கிணறு. குடாநாட்டில் வற்றாத ஆறு இல்லாததற்கும் (வழுக்கியாறு மாரியில்தான் ஓடும்) இந்தக் கல் ஒரு பெரிய காரணம்.

இறங்கிய நன்னீர், அடர்த்தி கூடிய உவர்நீருக்கு மேலே மிதக்கிறது. நிலாவரையிலும் மேலே நன்னீர், ஆழத்தில் உப்புநீர். கடல் மட்டத்துக்கு மேல் நன்னீர் 1 அடி நின்றால் அதற்குக் கீழே ஏறத்தாழ 40 அடி இருக்கும் என்பது பொதுக் கணக்கு. மோட்டர் போட்டு இறைத்து அந்த 1 அடியைக் குறைத்தால் உவர் எவ்வளவு மேலே ஏறும்? பிள்ளைகளே கணக்குப் பார்த்துச் சொல்லட்டும். தோட்டத்துக்குப் போட்ட யூரியாவிலிருந்து நைத்திரேற்று குடிநீர்க் கிணற்றுக்குள் வருவதும் இதே பாடத்துக்குள்தான் அடங்கும்.

நான் சுற்றுலா கேட்கவில்லை. புரட்டாதியில் ஒரு நாள், மாரி முடிய தையில் ஒரு நாள், பாடசாலைக்குக் கிட்ட உள்ள ஒரே கிணற்றடிக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போங்கள். கயிறு விட்டு நீர்மட்டத்தை அளக்கட்டும். மின்கடத்துதிறன் (நீரில் உப்புக் கூடினால் இதுவும் கூடும்) அளக்கும் சின்னக் கருவி ஒன்று கிடைத்தால் உவரையும் பார்க்கலாம். இடையில் பெய்த மழையின் அளவோடு ஒப்பிட்டு ஒரு வரைபு கீறட்டும்.

பரீட்சைக்கு நேரம் போதாது என்பீர்கள், நியாயம்தான். ஆனாலும் இதற்கு ஒவ்வொரு முறையும் இரண்டு பாடவேளை போதும். இந்த வருடமே, மாரி பிடிக்க முதல், தொடங்குங்கள். கிணறு தேவையென்றால் எங்கள் தோட்டத்துக்கும் வரலாம்.

இப்படிக்கு,
வலிகாமத்தில் தோட்டம் செய்யும் ஒரு பெற்றோர்