இந்தப் பருவமும் நம் வாசல் அரசமரமும்

மதிப்பிற்குரிய பெற்றோர்களுக்கு,

வணக்கம். மிட் டெர்ம் தேர்வுகள் முடிந்துவிட்டன. பிள்ளைகள் தசரா விடுமுறைக்குப் பையைக் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். ஜூன் மாதத்திலிருந்து நடந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு, உங்களோடு மனம்விட்டுப் பேசவேண்டிய ஒரு விஷயத்துக்கு வருகிறேன்.

பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் எஸ்.எஸ்.எல்.சி. தேர்வுக்கு ஊக்கத்தோடு தயாராகிவருகிறார்கள். பிரதிபா காரஞ்சி என்னும் பள்ளிக் கலைப் போட்டியில் நம் பிள்ளைகள் பாட்டு, பேச்சு, கோலம் ஆகியவற்றில் கலந்துகொண்டு பரிசுகளோடு திரும்பினார்கள். கபடி அணி நன்றாக ஆடியது. சுதந்திர தின விழாவைச் சிறப்பாக நடத்திக்கொடுத்த ஆசிரியர்களுக்கும் பெற்றோர்களுக்கும் நன்றி. நூலகத்துக்குப் புதிய தமிழ், கன்னடப் புத்தகங்கள் வந்திருக்கின்றன. ரிப்போர்ட் கார்டு விடுமுறை முடிந்ததும் கொடுக்கப்படும்.

இனி, நம் வாசல் அரசமரத்தைப் பற்றி.

கேட்டை ஒட்டி, வேம்போடு பின்னி வளர்ந்து நிற்கும் அந்த மரத்தை அறியாதவர் யாரும் இருக்கமாட்டீர்கள். அடியில் கல்மேடை, அதன்மேல் மஞ்சள் பூசிய நாகர் கற்கள். பெங்களூரின் பழைய பேட்டைகளில் இப்படி ஓர் அரசமர மேடை இல்லாத இடம் குறைவு. பள்ளிக் கட்டடம் எழும்புவதற்கு முன்பே இருந்த மரம் இது. காலையில் பிள்ளையை விட வரும் உங்களில் பலர் ஒரு நிமிடம் அங்கே நின்று கும்பிட்டுவிட்டுத்தான் வேலைக்குப் போகிறீர்கள். ஷிப்டுக்கு ஓடுபவர்கள், நான்கு வீட்டு வேலைக்குப் போகும் அம்மாக்கள், கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க நிற்பவர்கள் எல்லோரும் அதில் உண்டு. "கோயிலுக்குப் போக நேரமே கிடைக்கறதில்ல மிஸ், இங்க ஒரு விளக்கு வெச்சுட்டுப் போனா அன்னிக்குப் பூரா தெம்பா இருக்கு" என்று ஒரு அம்மா சொன்னார். அந்தத் தெம்பு எவ்வளவு பெரியது என்பது எனக்குத் தெரியும். அதைக் குறைத்துப் பேச இந்தக் கடிதத்தை எழுதவில்லை.

ஆனால் நாகபஞ்சமிக்குப் பிறகு அந்த மேடையின் நிலைமை மாறிவிட்டது. முதலில் ஓரிரண்டு அகல் விளக்குகள். பிறகு எலுமிச்சை விளக்குகள், வேர் இடுக்கில் ஏற்றும் கற்பூரம். பூவைக் கொண்டுவந்த பிளாஸ்டிக் கவர் பூவோடு அங்கேயே கிடக்கிறது. நாகர்மேல் ஊற்றிய பால் புளித்து எறும்பும் எலியும் வருகின்றன. மஞ்சள் கயிறு என்று நைலான் கயிறு கட்டப்படுகிறது. மரம் பருக்கப் பருக்க அது பட்டைக்குள் இறங்குகிறது. தேர்வு நெருங்கியதும் பிள்ளைகளின் பெயரும் வகுப்பும் எழுதிய சீட்டுகளை யாரோ மரத்தில் ஆணியடித்து மாட்டியிருந்தார்கள். ஆயாம்மா தினமும் காலையில் எண்ணெய்ப் பிசுக்கைத் தேய்த்துக் கழுவுகிறார். சாயந்திரம் மறுபடி அதே நிலை.

மரத்தின் கிழக்குப் பக்கத்தில் பட்டை கருகிப்போயிருக்கிறது. எங்கள் அறிவியல் ஆசிரியை எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை அங்கேயே நிறுத்திப் பாடம் நடத்தினார். இலைகள் வெயிலில் சமைக்கும் உணவு வேருக்கு இறங்குவது பட்டையின் உள்பக்கத்து உயிருள்ள அடுக்கின் வழியாகத்தான். நடுத்தண்டு எவ்வளவு பருமனாக இருந்தாலும் அந்த அடுக்கு மெல்லியது. சுற்றிலும் அது கருகிவிட்டால் வேர் பட்டினி கிடக்கும். பிறகு எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் பயனில்லை. ஆணி போன துளையில் பூஞ்சை நுழையும். எண்ணெய் ஊறிய மண்ணில் நீரும் இறங்காது, காற்றும் இறங்காது. "அப்போ நாம கும்பிடுற சாமிக்கே நாம சூடு போடுறோமா மிஸ்?" என்று ஒரு மாணவி கேட்டாளாம். ஆசிரியை அதை என்னிடம் வந்து சொன்னபோது என்னால் சும்மா இருக்க முடியவில்லை. இந்தக் கடிதத்தை அப்போதே எழுதத் தொடங்கினேன்.

மறுபக்கத்திலிருந்தும் எனக்குச் சில கோரிக்கைகள் வந்திருக்கின்றன. பறவை எச்சம் ஸ்கூட்டர்மேல் விழுகிறது, சருகு குவிகிறது, கிளைகளை மொத்தமாக வெட்டிவிடலாமே என்கிறார்கள் சிலர். மரத்தையே எடுத்துவிட்டால் பார்க்கிங்குக்கு இடம் கிடைக்கும் என்றும் எழுதியிருக்கிறார்கள். அவர்களுக்கு என் பதில்: மரம் இருக்கும். கர்நாடகத்தில் 1976ஆம் ஆண்டின் மரப் பாதுகாப்புச் சட்டப்படி மர அதிகாரியின் அனுமதி இல்லாமல் இப்படி ஒரு மரத்தை வெட்ட முடியாது. அனுமதி கிடைக்குமென்றாலும் நான் கேட்கப்போவதில்லை. வண்டியைப் பத்தடி தள்ளி நிறுத்தினால் போதும்.

தெய்வமாகப் பார்ப்பவர்களும் தொந்தரவாகப் பார்ப்பவர்களும் நிமிர்ந்து அந்த மரத்தைக் கொஞ்சம் கவனித்துப் பார்க்கவேண்டும் என்று எனக்கு ஆசை. பிள்ளைகள் பார்க்கிறார்கள். ஜூலை முதல் ஆறு, ஏழாம் வகுப்புகளில் 'மர நோட்டு' ஒன்று வைத்திருக்கிறோம். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒவ்வொருவரும் அன்று மரத்தில் கண்ட ஒன்றை எழுதவேண்டும். குக்குறுவான் பறவை விடாமல் கூப்பிடுவது, பழம் பழுத்தால் மைனாவும் கிளியும் குயிலும் எங்கிருந்தோ வந்துசேர்வது, காற்று இல்லாதபோதும் அரசிலை ஆடுவது, காம்பு நீளமாக இருப்பதால்தான் அது ஆடுகிறது என்பது எல்லாம் அதில் இருக்கின்றன. பூக்காமல் காய்க்கும் மரம் என்று நம் பெரியவர்கள் அரசைச் சொல்வார்கள். பூ உண்டு, பழம் என்று நாம் நினைப்பதன் உள்ளேயே இருக்கிறது, ஒரு சின்னஞ்சிறு குளவி உள்ளே நுழைந்துதான் மகரந்தம் சேர்க்கிறது, அரசுக்கென்று ஒரு குளவி, ஆலுக்கென்று வேறொரு குளவி என்று தெரிந்த அன்று ஏழாம் வகுப்பில் சத்தம் அடங்க வெகுநேரம் ஆனது. அந்தக் குளவி இல்லையென்றால் அரசுக்கு விதை இல்லை. அரசு இல்லையென்றால் அந்தக் குளவிக்கு வாழ இடம் இல்லை. இதைக் கேட்டு வாயைப் பிளந்து நின்ற பிள்ளைகளின் முகத்தில் நான் பார்த்தது பக்திதான்.

அந்த நிழலில் எல்லா வீட்டுப் பிள்ளைகளும் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். செப்டம்பர் 8 மாதா திருநாளுக்குக் காவி உடுத்தி சிவாஜிநகர் பேராலயத்துக்குப் போய்வந்த பிள்ளைகள் இருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை மசூதிக்குப் போகும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அரசு, ஆல், அத்தி மூன்றும் ஒரே பேரினத்து மரங்கள். புத்தர் ஞானம் பெற்றது அரசடியில். பைபிளில் சகேயு என்பவரை இயேசு இறங்கி வரச்சொன்னது ஒரு காட்டத்தி மரத்திலிருந்து. குர்ஆனில் அத்தியின் பெயரிலேயே ஓர் அத்தியாயம் உண்டு. நம் பள்ளியில் இந்த மரம் எல்லோருக்கும் பொது என்று நான் சொல்வது இதனால்தான்.

நம்மில் பலருடைய ஊர் தருமபுரி, கிருஷ்ணகிரி, வேலூர், திருவண்ணாமலைப் பக்கம். அங்கே அய்யனார் கோயில் தோப்புக்குள் அரிவாளோடு போகமாட்டார்கள். காய்ந்த சுள்ளியைக்கூட வீட்டுக்கு எடுத்துவரமாட்டார்கள். சிதம்பரத்துக்குத் தில்லை, திருவானைக்காவுக்கு நாவல், மதுரைக்குக் கடம்பு, காஞ்சி ஏகாம்பரநாதருக்கு மா என்று ஒவ்வொரு தலத்துக்கும் ஒரு மரத்தை வைத்தவர்கள் நம் முன்னோர். அமாவாசை திங்கட்கிழமையில் வந்தால் அரசை 108 முறை சுற்றிவந்தார்கள். சுற்றினார்கள், தண்ணீர் ஊற்றினார்கள், வெட்டாமல் விட்டார்கள். மரத்தைத் தொடாமல் விடுவதே அவர்கள் வழிபாட்டில் பெரும்பகுதி.

இந்த ஊரிலேயே நாம் கண்முன்னால் பார்க்கும் ஒன்றைச் சொல்கிறேன். சைத்ர பௌர்ணமியில் நடக்கும் பெங்களூர்க் கரக விழாவைப் பார்க்காத அல்சூர்க்காரர் உண்டா? தோட்டக்கலையில் தேர்ந்த திகளர் சமூகத்தார் தலைமுறை தலைமுறையாக நடத்திவரும் அந்த விழா ஏரிகளோடும் நீரோடும் பிணைந்தது. அதன் சடங்குகளுக்கு உரிய சம்பங்கி ஏரியின் பெரும்பகுதி இன்று கண்டீரவா ஸ்டேடியம். சிறு குளம் ஒன்றுதான் மிச்சம். தர்மாம்புதி ஏரி மெஜஸ்டிக் பஸ் ஸ்டாண்டாகிவிட்டது. விழா நடக்கிறது, கூட்டமும் வருகிறது, ஏரியைக் காணோம். நம் அல்சூர் ஏரியில் 2016 மார்ச்சில் மீன்கள் கொத்துக்கொத்தாகச் செத்து மிதந்ததையும் நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். பள்ளி வாசலில் மேடையும் நாகரும் விளக்கும் இருந்து, மரம் மட்டும் பட்டுப்போன ஒரு நாள் வந்துவிடக்கூடாது என்று நான் பயப்படுகிறேன்.

சில விஷயங்களை இப்போது தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். பள்ளி வளாகத்தில் நெருப்பு கூடாது. விளக்கு, கற்பூரம், ஊதுபத்தி எதுவும் கூடாது. போன வாரம் மூன்றாம் வகுப்புக் குழந்தை ஒருத்தியின் பாவாடை ஓரம் அகல் சுடரில் பட்டது. ஆயாம்மா பக்கத்தில் இருந்ததால் தப்பித்தோம். இதற்குப் பிறகு இதில் பேச்சுக்கே இடமில்லை. ஆணி, நைலான் கயிறு, பிளாஸ்டிக் கவர், பால், எண்ணெய் இவையும் மேடைக்கு வரக்கூடாது. கேட்டில் நிற்கும் செக்யூரிட்டி அண்ணனிடம் "சாமி காரியத்தைத் தடுக்க நீ யார்" என்று ஒருவர் கத்தியதாகக் கேள்விப்பட்டேன். அவர் என் சொல்லைத்தான் நிறைவேற்றுகிறார். பிள்ளைகள் பார்க்க, அவரைவிட வயதில் சிறியவர் அவரை ஒருமையில் பேசியது எனக்கு மிகவும் வருத்தம். கோபம் இருந்தால் என் அறைக்கு வாருங்கள், பேசுவோம். அவரிடம் வேண்டாம். மேடைக்கு டைல்ஸ் ஒட்டித் தருகிறோம், கிரானைட் போட்டுத் தருகிறோம் என்று முன்வந்த பெற்றோர்களுக்கு நன்றி. ஆனால் வேருக்கு வேண்டியது திறந்த மண். மேடையைச் சுற்றிப் பழைய சிமென்ட்டையே கொஞ்சம் உடைத்தெடுக்கப்போகிறோம்.

கும்பிடுவதை யாரும் நிறுத்தவேண்டாம். சுற்றி வாருங்கள். உதிரிப்பூ வைக்கலாம், மஞ்சளும் குங்குமமும் நாகர் கல்லுக்கு மட்டும். மேடைப் பக்கத்தில் ஒரு மண்பானையும் செம்பும் வைத்திருக்கிறோம். பிள்ளைகள் கைகழுவும் தொட்டியிலிருந்து சோப்பு கலக்காத நீரை அதில் நிரப்புவார்கள். ஒரு செம்பு எடுத்து வேருக்கு ஊற்றிவிட்டுப் போகலாம். இந்த ஊருக்குக் காவிரி சுமார் 100 கிலோமீட்டர் தள்ளியிருந்து, பெரும் உயரத்துக்குப் பம்ப் செய்யப்பட்டு வருகிறது. 2024 கோடையில் டாங்கருக்காக நாம் வரிசையில் நின்றது நினைவிருக்கும். அந்தத் தண்ணீரில் ஒரு செம்பை மரத்துக்குக் கொடுப்பது பெரிய காணிக்கை. பால் வாங்கவேண்டும் என்று நேர்ந்துகொண்டவர்கள் பாக்கெட்டை ஆபீசில் கொடுங்கள். சாயந்திர ஸ்பெஷல் கிளாஸ் பிள்ளைகளுக்குக் காய்ச்சிக் கொடுத்துவிடுகிறோம்.

முடிந்தால் இன்னொன்றும் செய்யுங்கள். பிள்ளையை விடும்போது அவசரமாகத் தலையில் கைவைத்து அனுப்பாமல், இருவருமாக மரத்தடியில் கொஞ்சம் நின்று மேலே பாருங்கள். என்ன தெரிகிறது என்று பிள்ளையைக் கேளுங்கள். வீட்டில் ஒருவர் ராத்திரி ஷிப்டு, மற்றவர் பகல் ஷிப்டு என்று இருக்கும் குடும்பங்களில் பிள்ளையோடு சேர்ந்து ஒன்றைப் பார்க்கிற பொழுதே அரிதாகிவிட்டது. அந்த ஒரு நிமிடத்துக்காகப் பிள்ளை முதல் மணிக்குக் கொஞ்சம் தாமதமாக வந்தாலும் வகுப்பு ஆசிரியர் திட்டமாட்டார், சொல்லிவைத்திருக்கிறேன்.

விடுமுறைக்கு வீட்டுப்பாடம் அதிகம் கொடுக்கவில்லை. ஊருக்குப் போகும் பிள்ளைகள் குலதெய்வக் கோயிலிலோ சர்ச் வளாகத்திலோ தர்கா வாசலிலோ நிற்கும் மரம் எது, அதை யார் பார்த்துக்கொள்கிறார்கள், அதில் எதைச் செய்யக்கூடாது என்று பெரியவர்கள் சொல்கிறார்கள் என்பதைத் தாத்தா பாட்டியிடம் கேட்டு ஒரு பக்கம் எழுதிவரட்டும். ஊருக்குப் போகாதவர்கள் லால்பாக் போகலாம், தெருமுனை மரத்தையும் எழுதலாம். தமிழிலோ கன்னடத்திலோ, எதில் வருகிறதோ அதில்.

கருகிய பட்டைக்கு என்ன செய்யலாம் என்று தோட்டக்கலை தெரிந்த ஒருவரைக் கேட்டிருக்கிறோம். ஆணிகளைப் பிடுங்கி, கயிறுகளை அறுத்து, எண்ணெய் மண்ணை அள்ளி, புதுமண் போடும் வேலை பள்ளி திறந்தபிறகு வரும் முதல் சனிக்கிழமை காலை 8 மணிக்கு நடக்கும். மண்வெட்டி, பழைய துணி, தேங்காய்நார் கொண்டுவாருங்கள். சம்மதச் சீட்டு டைரியில் ஒட்டியிருக்கிறது.

இத்தனை நாளும் மேடையைச் சுத்தம் செய்த ஆயாம்மாவுக்கும், யாரும் கேட்காமலே பிளாஸ்டிக் கவர்களைப் பொறுக்கிப் போட்ட அப்பாக்களுக்கும், கடிதம் வரும் முன்பே விளக்கை வீட்டில் ஏற்றிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்ட அந்த அம்மாவுக்கும் என் மனமார்ந்த நன்றி. உங்கள் பிள்ளைகளை எங்களிடம் நம்பி விடுகிறீர்கள். அந்த நம்பிக்கைக்கும் நன்றி. எல்லோருக்கும் நவராத்திரி வாழ்த்துகள்.

அன்புடன்,
தலைமையாசிரியை