மகளின் இடைநீக்கத்தை ரத்து செய்யக் கோரி நான்காவது முறையாகத் தரும் மனு

அனுப்புநர்:
எம்.ஏ. அரசியல் அறிவியல் இரண்டாம் ஆண்டு மாணவியின் தந்தை
(பெயர், முகவரி, செல்பேசி எண் தனித்தாளில்)

பெறுநர்:
மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
மக்கள் குறைதீர்க்கும் நாள், 13.10.2025, திங்கட்கிழமை

பொருள்: தண்ணீர் கேட்டதற்காக இடைநீக்கம் செய்யப்பட்ட என் மகளைத் தேர்வு எழுத அனுமதிக்க ஆவன செய்யக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: எனது மனுக்கள், நாள் 25.08.2025, 08.09.2025, 22.09.2025.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். நான் தையல் தொழில் செய்பவன். தாங்கள் கடந்த ஜூலையில் நமது பல்கலைக்கழகத்தில் மரக்கன்று நட வந்தீர்களே, அந்தப் பெண்கள் விடுதியில்தான் என் மகள் தங்கிப் படித்தாள். இடம் தங்களுக்கே தெரியும் என்பதால் வழி சொல்லாமல் விஷயத்துக்கு வருகிறேன்.

1. ஆகஸ்ட் மாதம் விடுதியில் குடிநீர் சுத்திகரிக்கும் ஆர்.ஓ. மெஷின் பழுதாகிவிட்டது. போர்வெல் தண்ணீர் உப்பு; வாயில் வைக்க முடியாது. பிள்ளைகள் வார்டனிடம் மூன்று முறை எழுதிக் கொடுத்தார்கள். பிறகு 18.08 அன்று காலை 11 பேர் நிர்வாகக் கட்டடத்தின் படிக்கட்டில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்தார்கள். வகுப்பு எதுவும் நிற்கவில்லை, ஒரு பூந்தொட்டிகூட உடையவில்லை. என் மகள் கையில் ‘குடிக்கத் தண்ணீர் கொடுங்கள்’ என்று எழுதிய அட்டை இருந்தது. உள்ளூர் டிவிக்காரர் மைக்கை நீட்டியபோது அரை நிமிடம் அதையே வாயாலும் சொன்னாள். அவ்வளவுதான்.

2. 20.08 மாலை ஆணை வந்தது. ‘பல்கலைக்கழகத்தின் நற்பெயருக்குக் களங்கம் விளைவித்ததாலும் நடத்தை விதிகளை மீறியதாலும் மறு உத்தரவு வரும்வரை இடைநீக்கம்’. எந்த விதி, எத்தனையாவது விதி என்று இல்லை. அதற்கு முன் விளக்கம் கேட்டு ஒரு நோட்டீஸும் தரவில்லை. விதிகளின் நகலைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 28.08 அன்று கேட்டேன். 30 நாள் கெடு முடிந்து பதில் இல்லை. சேர்க்கையின்போது கையெழுத்து வாங்கிய கட்டுக் காகிதத்தில் ‘நிர்வாகத்தை விமர்சிக்கும் செயலில் ஈடுபட மாட்டேன்’ என்று ஒரு வரி இருந்ததாம். நானும்தான் அதில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். காட்டிய இடத்தில் போட்டேன், ஐயா.

3. நடத்தை விதியே கூடாது என்று நான் சொல்லவில்லை. ராகிங்கை ஒழிக்க 1997-இல் நம் மாநிலம் சட்டமே போட்டது, அதெல்லாம் வேண்டும். ஆனால் மாநிலப் பல்கலைக்கழகம் அரசின் அங்கம். அதற்கும் அரசியல் சட்டம் பொருந்தும். 19-ஆவது பிரிவு பேச்சுரிமையைக் கொடுத்துவிட்டு, எந்தெந்தக் காரணங்களுக்காக அதைக் கட்டுப்படுத்தலாம் என்று ஒரு பட்டியலும் தருகிறது. நாட்டின் பாதுகாப்பு இருக்கிறது, பொது ஒழுங்கு இருக்கிறது, அவதூறு இருக்கிறது, இன்னும் சில. ‘நிறுவனத்தின் நற்பெயர்’ அதில் இல்லை. தண்ணீர் வராதபோது வரவில்லை என்று சொல்வது அவதூறும் ஆகாது. எரிச்சல், அசௌகரியம் என்று எப்படி வேண்டுமானாலும் பொருள் கொள்ளத்தக்க சொற்களை வைத்து, இணையத்தில் எழுதியவர்களைப் பிடித்ததால்தான் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை உச்ச நீதிமன்றம் 2015 மார்ச் 24-இல் ரத்து செய்தது. தேசிய கீதம் பாடாமல் மரியாதையாக எழுந்து மட்டும் நின்றதற்காகக் கேரளத்தில் மூன்று பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து நீக்கினார்கள். 1986-இல் அதே நீதிமன்றம் அவர்களைத் திரும்பச் சேர்க்கச் சொன்னது. இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? என் மகளின் பாடத்தில் இருக்கிறது. அவள் எழுத முடியாமல் போன உள்மதிப்பீட்டுத் தேர்வே அந்த அலகில்தான். 1965-இல் மாணவர்கள் தெருவில் இறங்கியதை மேடைக்கு மேடை பேசும் மாநிலம் இது.

4. இனிச் சொல்வதுதான் எங்களை அன்றாடம் கொல்வது. தயவுசெய்து இதை மட்டுமாவது முழுதாகப் படியுங்கள்.

ஒரு பருவத்துக்கு 90 வேலை நாள். 75 சதவீதம் வருகை இல்லாவிட்டால் ஹால் டிக்கெட் கிடையாது. அதாவது 22 நாள் வரை வராமல் இருக்கலாம். இடைநீக்கம் தொடங்கி வெள்ளிக்கிழமையோடு 33 வேலை நாள் ஆகிவிட்டது. இன்றே உள்ளே விட்டாலும் 57 நாள்தான் தேறும், 63 சதவீதம். விசாரணை நடத்தி ‘குற்றம் இல்லை’ என்று சொன்னாலும் பருவம் போனது போனதுதான். தீர்ப்புக்கு முன்னாலேயே தண்டனை முடிந்துவிடும்.

விடுதியை ஒரே இரவில் காலி செய்யச் சொன்னதால் இப்போது ஊரிலிருந்து போய்வருகிறாள். 22 கிலோமீட்டர். உள்ளேதான் விடமாட்டார்களே, எங்கே போகிறாள் என்று கேட்பீர்கள். தினமும் 6.50 பேருந்தில் ஏறி, இரண்டாம் கேட்டுக்கு எதிரே புளியமரத்தடியில் இருக்கிற ஜெராக்ஸ் கடைக்குப் போய் உட்காருகிறாள். மதிய இடைவேளையில் தோழிகள் நோட்டைக் கொண்டுவருவார்கள். வாங்கி அங்கேயே எழுதிக்கொள்வாள். கழிப்பறைக்குப் பேருந்து நிலையம் வரை நடக்க வேண்டும் என்பதால் மதியம் வரை தண்ணீர் குடிப்பதில்லை. தண்ணீர் கேட்டதற்குக் கிடைத்தது இது. வாட்ச்மேன் நல்ல மனிதர், ‘பாப்பா’ என்றுதான் கூப்பிடுவார். ஆனால் அவருக்கும் உத்தரவு இருக்கிறது.

40 பக்க நோட்டு ஒன்றில் தேதி, வந்த நேரம், போன நேரம் எழுதித் தானே கையெழுத்துப் போட்டு வைத்திருக்கிறாள். ‘நான் வராமல் இருக்கலப்பா, விடாமத்தான் இருக்காங்க’ என்றாள். 33 நாளும் இருக்கிறது, காய்ச்சல் அடித்த இரண்டு நாள் உட்பட. நகல் இணைத்துள்ளேன். எந்த அலுவலகமும் இதை வருகைப் பதிவாக ஏற்காது என்று எனக்கும் தெரியும். இருந்தாலும் இணைத்துள்ளேன்.

5. மற்ற பத்துப் பேரும் மன்னிப்புக் கடிதம் கொடுத்துவிட்டு வகுப்புக்குப் போய்விட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ‘தீய சக்திகளின் தூண்டுதலால் இவ்வாறு நடந்துகொண்டேன்’ என்று அலுவலகமே வாசகம் சொல்லிக் கொடுக்கிறது. நானே மகளிடம், எழுதிக் கொடுத்துத் தொலையம்மா, படிப்பு முக்கியம் என்று சொன்னேன். ‘யார் தூண்டினாங்கன்னு எழுதுறது? குழாய்தான் தூண்டுச்சு’ என்றாள். அதற்குமேல் நான் வற்புறுத்தவில்லை. சொன்னதற்கே வெட்கமாக இருக்கிறது.

6. மாணவர் குறைதீர்க் குழுவில் 26.08 அன்று மனு கொடுத்தோம். பல்கலைக்கழக மானியக் குழுவின் (யு.ஜி.சி.) 2023 ஒழுங்குமுறைப்படி 15 வேலை நாளுக்குள் குழு அறிக்கை தர வேண்டும். அந்தக் கெடுவும் செப்டம்பரிலேயே முடிந்தது.

7. இனித் தங்கள் அலுவலகத்தின் விஷயத்துக்கு வருகிறேன். முதல் மனு பல்கலைக்கழகத்துக்கே அனுப்பப்பட்டது. இரண்டாவது மனுவும் அங்கேயே போனது. மூன்றாவதுக்கு ‘பரிசீலனையில் உள்ளது, மனு முடித்துவைக்கப்பட்டது’ என்று குறுஞ்செய்தி வந்தது. பரிசீலனையில் இருப்பது எப்படி ஐயா முடியும்? யார்மேல் புகாரோ அவர்களிடமே மனுவை அனுப்புவதற்கு நான் நேரே அங்கேயே கொடுத்திருப்பேனே. பல்கலைக்கழகம் தங்கள் கட்டுப்பாட்டில் இல்லை என்று கீழே உள்ளவர்கள் சொல்கிறார்கள். சரி, இல்லை. தாங்கள் மரக்கன்று நட வரும்போது மட்டும் எல்லோரும் வரிசையில் நின்றார்களே! அந்தக் கன்றுக்கு வேலி போட்டு, லாரித் தண்ணீர் ஊற்றுகிறார்கள். மகள்தான் சொன்னாள்.

கோபத்தில் எழுதிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் கேட்பது பெரிதல்ல. பதிவாளரிடம் தாங்கள் ஒரு வார்த்தை பேசுங்கள். விசாரணை வேண்டுமானால் நடத்தட்டும், எதிர்கொள்கிறோம். அதுவரை அவளை வகுப்பில் உட்கார விடட்டும். இடைநீக்க நாட்களை வராத நாட்களாகக் கணக்கிடாமல் நவம்பர் தேர்வுக்கு ஹால் டிக்கெட் தரட்டும். ஹால் டிக்கெட் ஐயா, அதுதான் முதலில். மற்றதெல்லாம் அப்புறம்.

இந்த மனுவுக்கு ஒப்புகைச் சீட்டு வேண்டாம். ஏற்கெனவே மூன்று இருக்கிறது. இன்று தாங்கள் கூட்டத்தை முடித்து எழும் நேரத்திலும் அவள் அந்த ஜெராக்ஸ் கடையில்தான் இருப்பாள்; 5.20 பேருந்துக்குத்தான் கிளம்புவாள்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மாணவியின் தந்தை