உங்கள் படிவத்தில் கூலிக்கும் ஒரு கட்டம் வையுங்கள்

காலநிலை மாற்றத்தால் அடிபடும் வளரும் நாடுகளுக்கு உதவ அமைத்த காலநிலை இழப்பு, சேத நிதியத்தின் ஆட்சிக் குழுவில் இருக்கும் 26 பேருக்கும் வணக்கம்.

குமுளிக்குப் பக்கத்தில் ஓர் ஏலத்தோட்டத்தில் செக்ரோல் எழுதுகிறேன். யார் எந்த நாள் வேலைக்கு வந்தார், என்ன கூலி என்று பதியும் பேரேடு அது. எங்கள் ஆட்களில் பாதிப் பேர் கம்பம், கூடலூர் பக்கமிருந்து விடியும் முன்னே ஜீப் ஏறி மலைக்கு வருகிறவர்கள். வீடும் ரேஷன் கார்டும் தமிழ்நாட்டில், வேலை கேரளத்தில்.

2024 கோடையில் இடுக்கி மாவட்டத்தில் பரவலாக ஏலம் காய்ந்தது. எங்கள் தோட்டத்துப் படுதாக்குளத்தில், அதாவது தார்ப்பாய் விரித்துத் தண்ணீர் தேக்கும் குளத்தில், ஏப்ரல் கடைசியில் சேறுதான் மிச்சம். முதலில் இலை நுனி பழுத்தது. அப்புறம் செடியே தண்டோடு மடிந்து விழுந்தது. ஏலத்துக்கு நிழலும் ஈரமும் இரண்டும் வேண்டும். மறுபடி நட்டால் காய்க்க இரண்டு மூன்று வருடம் ஆகும். அந்த மே மாதப் பக்கத்தில் ஒருவருக்கு வாரத்தில் இரண்டு நாள் வேலை இருந்தால் அதிகம். மழை வந்து காய் எடுப்பு தொடங்கிய பிறகும் பழைய ஆட்களில் பலரைக் கூப்பிட முடியவில்லை.

சேதம் பார்க்க வந்தவர்கள் எத்தனை ஏக்கர், எத்தனை செடி, பட்டா யார் பேரில் என்று கேட்டு எழுதினார்கள். அதே செடிகளில் பல வருடம் காய் எடுத்த ஓர் அக்கா பக்கத்தில் நின்று, “சார், எங்க கூலி போனதை எந்த இடத்துல எழுதுவீங்க?” என்று கேட்டார். படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை. மலை மேல் அவர் பேரில் நிலம் இல்லை. கீழே அவர் ஊரில் காய்ந்த செடி இல்லை. இரண்டு மாநிலக் கணக்கிலும் அவர் வரவில்லை.

உலக அளவில் நீங்கள் வகுக்கும் திட்டமும் இதே இடத்தில்தான் இடறும் என்பதால் எழுதுகிறேன். 2009-ல் கோபன்ஹேகன் காலநிலை மாநாட்டில் பணக்கார நாடுகள், காலநிலைச் செலவுக்காக வளரும் நாடுகளுக்கு 2020-க்குள் ஆண்டுக்கு 10,000 கோடி டாலர் என்று வாக்குக் கொடுத்தன. 2022-ல்தான் அந்தத் தொகை எட்டியது, அதிலும் பெரும்பகுதி கடன். வெயிலில் கூலி இழந்தவருக்குக் கடன் கொடுப்பது எந்த நியாயத்தில் சேரும்? உங்கள் நிதியத்துக்கு 2022-ல் எகிப்தில் நடந்த காலநிலை மாநாட்டில் சம்மதம் கிடைத்தது. 2023-ல் துபாயில் வந்த வாக்குறுதிகள் சுமார் 70 கோடி டாலர். உலகத்தின் இழப்புக்கு முன்னால் இது சின்னத் தொகை. கடல் ஏறும் தீவு நாடுகளுக்கு முதலில் கொடுங்கள், அதுதான் சரி. ஆனால் சின்னத் தொகையாக இருப்பதால்தான், அது யார் கையில் போய்ச் சேருகிறது என்பதை இப்போதே எழுதி வைக்க வேண்டும்.

ஓசோனைக் காக்க 1987-ல் வந்த மாண்ட்ரியல் உடன்பாடு நின்று நிலைத்ததற்கு, என் பார்வையில், கணக்கு தெளிவாக இருந்தது ஒரு பெரிய காரணம். அதற்கென்று அமைத்த நிதி, வளரும் நாடுகளின் தொழிற்சாலைகள் மாற்று முறைக்குப் போக ஆகும் கூடுதல் செலவைக் கணக்கிட்டுக் கொடுத்தது. காலநிலை அதைவிடப் பல மடங்கு பெரிய சிக்கல், தெரியும். ஆனாலும் எதற்காக, யாருக்கு என்ற கேள்விக்கு அப்படியொரு நேரான பதில் இதிலும் வேண்டும்.

என் கோரிக்கை இதுதான். இழப்பை ஏக்கரில் மட்டும் அளக்காதீர்கள், போன வேலைநாட்களிலும் அளந்து காட்டச் சொல்லுங்கள். நிலம் இல்லாதவரும், எல்லை தாண்டி வேலைக்குப் போகிறவரும் வேலை செய்த இடத்தின் கணக்கில் வரட்டும். வெப்பம் ஒரு அளவைத் தாண்டினால், ஆய்வுக் குழு வரும்வரை காத்திருக்காமல் பணம் போகட்டும். இது நடக்காத காரியம் இல்லை. 2024 மே மாதம், முறைசாரா வேலை செய்யும் பெண்களின் சங்கமான சேவா அமைப்பின் வெப்பக் காப்பீட்டில் சேர்ந்திருந்த 50,000 பெண்களில் பெரும்பாலோருக்கு அப்படித்தான் பணம் கிடைத்தது. குஜராத், ராஜஸ்தான், மகாராஷ்டிரப் பெண்கள் அவர்கள். தொகை சிறியதுதான், ஆனால் உரிய நேரத்தில் போய்ச் சேர்ந்தது. சமூகங்களுக்கே நேராகச் சிறு மானியம் கொடுக்கும் வழி உங்கள் விதிகளில் இருக்கிறது. அதை மூலையில் போட்டுவிடாதீர்கள், பெரிதாக்குங்கள்.

கூலி இழப்புக்கு என்ன ஆதாரம் என்று கேட்பீர்கள். எங்கள் மாதிரித் தோட்டங்களில் செக்ரோல் இருக்கிறது, பெயர் பெயராக, நாள் நாளாக. எங்களுடையதில் 2024 ஏப்ரல், மே பக்கங்களின் நகலை இத்துடன் வைத்திருக்கிறேன். ஆட்களின் பெயர்களை மட்டும் மறைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஏலத்தோட்டத்தில் செக்ரோல் எழுதுபவன்,
குமுளி.